மலைக்கு வண்டி வரம்பு வந்தாச்சு... ஹோம்ஸ்டே ஓனருக்கு ஓய்வு எப்போ?

தேவதானப்பட்டி அருகே காட்ரோட்டில்தான் கொடைக்கானல் மலைச்சாலை பிரிகிறது. சீசனில் இந்த அடிவாரத்திலும் ரூம் கேட்டு போன் வரலாம். வருமானம் சரி, உடம்பு தாங்குமா?

என்ன மாறியது?
சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் 1 முதல் சீசனில் தினமும் 4,000 சுற்றுலா வண்டிகள், வார இறுதியில் 6,000 என வரம்பும் வந்தது.

ஏன் களைப்பு?
ஹோட்டலில் ஷிஃப்ட் மாறும், ஹோம்ஸ்டேயில் மாறாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி அதிகபட்சம் 6 ரூம்தான். ஓனரும் அங்கேயே குடியிருக்கணும். ராத்திரி கேட் திறப்பவரே காலையில் பெட்ஷீட்டும் துவைக்கிறார். மலைக்குப் போகிறவர்கள் கீழே தங்குவது பெரும்பாலும் ஒரு ராத்திரிதான். அதனால் தினமும் புது ஆள், தினமும் துவையல்.

என்ன செய்யலாம்?
• காலி செய்ய காலை 11, உள்ளே வர மதியம் 2. நடுவில் 3 மணி நேரம் சுத்தம் செய்ய.
• ராத்திரி 10 மணிக்கு மேல் கேட் திறக்காது என்பதை புக்கிங்கிலேயே சொல்லிவிடணும்.
• கூட்டம் குறைந்த ஒரு வார நாளை புக்கிங் காலண்டரில் பிளாக் செய்யணும். வார இறுதியை விடாததால் நஷ்டம் குறைவு.

மலைக்கு வரம்பு வைத்தது கோர்ட். வீட்டுக்கு ஓனர்தான் வைக்கணும்.