வருமானம் வரட்டும் என்னும் வாதம்

'நாடு முதலில் சம்பாதிக்கட்டும், மருத்துவம் தானே பின்னால் வரும்' என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். இதற்குப் பொருளியலில் சான்றும் உண்டு. நாட்டின் தனிநபர் வருமானம் உயர்ந்தால் மருத்துவச் செலவும் உயர்வதை 1977இல் ஜோசப் நியூஹவுஸ் காட்டினார். அவர் ஆராய்ந்தவை 13 வளர்ந்த நாடுகள் என்பதைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

தாய்லாந்து காத்திருக்கவில்லை. 1997இல் அதன் நாணயம் சரிந்தது, பொருளாதாரம் நிலைகுலைந்தது. பன்னாட்டு நிதியத்தின் கடன் தீருமுன்பே, 2001இல், ஒருமுறை சிகிச்சைக்கு 30 பாட் என்னும் திட்டத்தைத் தொடங்கி, மறு ஆண்டே அனைவருக்குமான மருத்துவத்தைச் சட்டமாக்கியது. வெறுங்கையால் முழம் போட்டார்கள் என எண்ண வேண்டாம். முந்தைய பத்தாண்டுகளில் கட்டிய மாவட்ட மருத்துவமனைகளும், கட்டாயக் கிராமப்பணிக்கு அனுப்பப்பட்ட இளம் மருத்துவர்களும் அங்கே ஏற்கெனவே இருந்தனர்.

நம் கதையோ வேறு. அரசின் மருத்துவச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2010க்குள் 2 விழுக்காடாகும் என்றது 2002ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. ஆகவில்லை. 2025க்குள் 2.5 என்றது 2017ஆம் ஆண்டுக் கொள்கை. அதுவும் ஆகவில்லை. இவ்வாண்டுகளில் நாட்டு வருமானம் பன்மடங்கு பெருகியது என்பதை நண்பர்களும் மறுக்கமாட்டார்கள். எவ்வளவு வந்தால் போதும் என்று ஓர் எண்ணையாவது அவர்கள் சொல்லட்டும்.