வீடு போகவும் ஓர் ஆசனம் வேண்டும்



ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல்நாள் இரத்மலானை ரயில் நிலையத்தில் நம் பிள்ளைகளைக் காணலாம். கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்கள். ஒரு கையில் உடுப்புப் பை, மறு கையில் தங்கச்சிக்கு வாங்கிய சட்டை. கோட்டைக்குப் போய், அங்கிருந்து பதுளைக் கோச்சியில் ஏற வேண்டும். ஏறினால் ஹட்டன் வரை நின்றே பயணம். ஏற முடியாதவர்கள் பஸ்ஸைத் தேடி ஓடுகிறார்கள்.

அந்தக் கோச்சிப் பெட்டிகள் பழுது பார்க்கப்படுவதும் இதே இரத்மலானை வேலைத்தளத்தில்தான்.

இந்த ரயில் பாதை யாருக்காகப் போடப்பட்டது? 1867-இல் கண்டிக்கும், 1885-இல் நானுஓயாவுக்கும், 1924-இல் பதுளைக்கும் கோச்சி வந்தது. முதலில் கோப்பியை, பிறகு தேயிலையைத் துறைமுகத்தில் இறக்குவதற்காக வந்தது. எம் முன்னோரோ, ஆரம்ப காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தே வந்தவர்கள். அன்று சரக்குக்கு முதலிடம். இன்று எல்லவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்க்க வருபவர்களுக்கு முதலிடம்.

வெளிநாட்டுப் பயணி எமக்கு எதிரியல்ல. அவர் வருவதால் நம் பிள்ளைகள் சிலருக்கும் பிழைப்புக் கிடைக்கிறது. ஆனால் 30 நாட்களுக்கு முன்னரே திறக்கும் ஆசன முன்பதிவு, திறந்த சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. டிக்கட்டுகளை மொத்தமாகப் பிடித்து வெளியில் பல மடங்கு விலைக்கு விற்பதைப் பற்றி 2025 ஆரம்பத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே விசாரணையில் இறங்கியது. லீவு கிடைக்குமா என்பதே கடைசி வாரத்தில்தான் தெரியும் கடைப் பையன் இந்தப் போட்டியில் எப்படி வெல்வான்?

கோச்சி கிடைக்காதவர்கள் நெரிசல் பஸ்ஸில் மலையேறுகிறார்கள். 2025 மே 11-ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்கலாமா?

ஹட்டனில் இறங்கினாலும் பயணம் முடிவதில்லை. இரவில் தோட்டத்துக்கு பஸ் இல்லை. பாதை கிடக்கும் கிடையில் ஆட்டோக்காரர் கேட்பது ஒரு நாள் பேருக்கு மேல். அவரையும் குறை சொல்ல முடியாது. அதே பாதையில்தான் பிரசவ வலி கண்ட தாயையும் கொழுந்து லொறியில் ஏற்றுகிறோம்.

சம்பளத்துக்கும் வீட்டுக்கும் குரல் கொடுத்த எமது சங்கம், பயணத்தை ஒரு கோரிக்கையாக எழுதியதில்லை. இது எம் குறை. இனி எழுதுவோம்:

தீபாவளி, பொங்கல் நாட்களில் முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைக் கூட்ட வேண்டும். இரவுக் கோச்சி வரும் நேரத்துக்கு ஹட்டனிலிருந்து தோட்டங்களுக்கு பஸ் விட வேண்டும். தோட்டப் பாதைகளைத் திருத்த வேண்டும்.

"கூட்டம் அதிகம்" என்று மட்டும் எழுதினால் எந்தக் கந்தோரும் அசையாது. கணக்கு வேண்டும். கொழும்பிலிருந்து எத்தனை பிள்ளைகள், எந்த நாளில், எந்த நிலையத்துக்கு வருகிறார்கள் என்பதை ஒவ்வொரு லயத்திலும் எழுதி, தோட்டத் தலைவரிடம் இந்த வாரமே கொடுங்கள். பிள்ளைகளுக்கும் போனில் சொல்லுங்கள்: மிதிபலகையில் தொங்கி வர வேண்டாம், ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை.

கடந்த தீபாவளி முடிந்து தோட்டப் பாடசாலை திறந்த அன்று, பழைய சட்டையோடு வந்த சிறுமியிடம் காரணம் கேட்டோம். "புதுச் சட்டை அண்ணன்கிட்ட இருக்கு சேர். அண்ணனுக்கு கோச்சி கிடைக்கல்ல" என்றாள். இந்தத் தீபாவளிக்கு அந்தச் சட்டை வீடு வந்து சேர வேண்டும்.