மூழ்கும் விமானமும் திறவாத கதவும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குரிய சற்றேர்னா தீவிலிருந்து 2009 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் திகதி பிற்பகல், எட்டுப் பேருடன் வான்கூவர் நோக்கிப் புறப்பட்ட மிதவை விமானமொன்று நீரைவிட்டு எழுந்த சிறிது நேரத்திலேயே மீண்டும் நீரில் வீழ்ந்து மூழ்கியது. விமானியும் பிரயாணி ஒருவரும் உயிர் தப்பினர். எஞ்சிய ஆறு பேரும் நீரில் மூழ்கியே மாண்டனர். மோதலினால் விமானத்தின் நான்கு கதவுகளில் இரண்டு இறுகிவிட்டிருந்ததை கனேடிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை வெளிப்படுத்தியது.

வனாந்தரப் பிரதேசங்களில் மிதவை விமானம் ஆடம்பரமன்று. கனடாவின் வடபுலத்திலும் அலாஸ்காவிலும் வீதியோ ஓடுபாதையோ இல்லாத எத்தனையோ குடியிருப்புகளுக்கும் மீன்பிடி முகாம்களுக்கும் வாவியே விமான நிலையம். அங்கே காற்றின் நிலையை அறிவிக்கக் கோபுரம் இல்லை. ஏற்றும் சுமையை நிறுத்துப் பார்க்கத் தராசும் பெரும்பாலும் இருப்பதில்லை. மிதவைகளுக்குள் கசிந்த நீரும் பாரமாகச் சேர்ந்துகொள்ளும். காற்றசைவின்றிக் கண்ணாடிபோற் கிடக்கும் வாவி பார்ப்பவருக்கு அழகு. விமானிக்கோ அதுவே சோதனை. சலனமற்ற நீர் மிதவைகளை இலகுவில் விடாததால், மேலெழுவதற்கு நெடுந்தூரம் ஓடவேண்டியிருக்கும். எதிர்க்கரை நெருங்கிவிட, மரங்களையும் மலைச்சரிவையும் தவிர்க்கக் குறைந்த வேகத்திலேயே விமானத்தைத் திருப்ப முற்படுகையில் சிறகுகள் தாங்குவிசையை இழக்கின்றன. அவ்வளவு தாழ்ந்த உயரத்தில் அதனை மீட்டெடுக்க அவகாசமில்லை. சற்றேர்னாவிலும் குழம்பிய காற்றும் திருப்பத்தின்போது ஏற்பட்ட சரிவுமே விமானத்தை வீழ்த்தின. தாங்குவிசை இழக்கப்படுவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி அன்று சரிவர இயங்கவில்லை.

விமானிகளின் தவறுகளை முற்றாக ஒழித்துவிட எந்தச் சட்டத்தாலும் இயலாது. ஆனால், வீழ்ந்த பின்னரும் உயிரோடிருப்பவர்கள் ஏன் சாகவேண்டும் என்பதே எமது கேள்வி. கனடாவில் இருபது ஆண்டு காலத்தில், நீரில் வீழ்ந்து அமிழ்ந்த விமானங்களில் நிகழ்ந்த மரணங்களுள் சுமார் 70 வீதமானவை மூழ்கியதால் ஏற்பட்டவை என்று அதே சபை கணித்திருந்தது. தலைகீழாகக் கவிழ்ந்த விமானத்தில், உறையும் குளிர்நீரில், ஆசனப்பட்டியில் தொங்கிக்கொண்டிருப்பவர் கதவின் கைபிடி எப்பக்கம் என்று தேடுவதற்குள் மூச்சு முடிந்துவிடுகிறது.

உயிர்காப்பு அங்கிகள் விமானத்தில் இருந்தாற் போதும், அணிந்திருக்கத் தேவையில்லை என்பதே அக்காலத்து விதி. ஆசனத்தின் கீழுள்ள அங்கியைத் தண்ணீருக்குள் தேடி எடுப்பது எங்ஙனம் என்று விதியை வரைந்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்! பிரயாணிகள் அங்கியை அணிந்திருக்க வேண்டும், விரைவாக வெளியேறக்கூடிய வழிகளைப் பழைய விமானங்களிலும் பொருத்த வேண்டும் என்ற இரு பரிந்துரைகளைச் சபை 2011 இல் முன்வைத்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஒன்ராறியோவின் லில்லபெல் வாவியில் அதே ரக விமானமொன்று நீரிலிறங்குகையில் கவிழ்ந்தது. மூவரில் இருவர் மூழ்கி இறந்தனர். அரசாங்கமோ 2019 ஆம் ஆண்டிலேயே விதிகளைத் திருத்தியது. சிறிய வர்த்தக மிதவை விமானங்களில் அங்கி அணிவதும், மூழ்கிய விமானத்திலிருந்து வெளியேறும் பயிற்சியை விமானிகள் பெறுவதும் கட்டாயமாக்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் கதவுகளையும் ஜன்னல்களையும் அத்திருத்தம் தொடவில்லை. வெளியேற முடியாதவருக்கு அங்கியால் என்ன பயன்? உள்ளேயே காற்றூதி விட்டால் அது அவரைக் கூரையோடு அழுத்திப் பிடித்துவிடவும் கூடும்.

செலவு மிகுதி என்பது சிறு நிறுவனங்களின் வாதம். ஒரு கோடை வருமானத்தில் ஆண்டு முழுவதையும் ஓட்டுவோரின் சிரமத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் தள்ளியவுடன் வெளியே விழும் ஜன்னல்களைச் சில நிறுவனங்கள் தாமாகவே பொருத்திக்கொண்டுள்ளன; ஆகவே அது இயலாத காரியமன்று.

2025 ஜனவரி 7 ஆம் திகதி மேற்கு அவுஸ்திரேலியாவின் ரொட்நெஸ்ட் தீவிலும் ஏழு பேருடன் புறப்பட முற்பட்ட மிதவை விமானம் நீரில் வீழ்ந்து மூவரைப் பலிகொண்டது. சற்றேர்னாவில் வீழ்ந்த பீவர் ரக விமானங்களின் உற்பத்தி 1967 இல் நின்றுவிட்டபோதிலும், அவற்றிற் பல இன்னும் சேவையில் உள்ளன.