பாரஸீகத்தின் கூலிக் கணக்கு

பண்டைப் பாரஸீகத்தையும் இக்கால ஈரானையும் ஒப்பிட்டுப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஸைரஸிலே தொடங்கி, பெர்ஸிபொலிஸ் நகரத்து ஸ்தம்பங்களைச் சுட்டிக்காட்டி, "அன்று அப்படி, இன்று இப்படி" என்று பெருமூச்செறிந்து முடித்துவிடுகிறார்கள். நமக்கு இந்த முறையில் நம்பிக்கையில்லை. ஸ்தம்பத்துக்கு வாய் கிடையாது; எந்த ராஜா வந்து பக்கத்தில் நின்றாலும் அவனுக்குச் சாதகமாகவே அது சாட்சி சொல்லும். ஒரு நாகரிகம் தன் கூலிக்காரனுக்கு என்ன கொடுத்தது, கொடுத்ததை எழுதி வைத்ததா என்று கேட்பதே நியாயமான வழி. பாரஸீக விஷயத்தில் இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய தஸ்தாவேஜுகள் அதிர்ஷ்டவசமாக மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்தன.

1971-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஷா முகம்மத் ரேஜா பஹ்லவி பாரஸீக சாம்ராஜ்யத்துக்கு 2,500 வயது நிறைந்ததென்று பெருவிழாக் கொண்டாடினார். பெர்ஸிபொலிஸ் இடிபாடுகளின் அருகே கூடாரங்கள் அடித்து, பாரிஸிலிருந்து சமையற்காரரை வரவழைத்து, உலகத்து மன்னர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் விருந்து வைத்தார். விழாவின் இலச்சினை, 1879-ல் பாபிலோனில் அகப்பட்ட ஸைரஸின் களிமண் உருளை. அது மனித உரிமைகளின் முதற் சாசனம் என்று சொல்லி, அதன் பிரதியொன்றை ஐக்கிய நாடுகள் சபைக்கும் அளித்தார்கள். மூலமோ வேறு விதம். மார்துக் தெய்வம் தன்னைத் தேர்ந்தெடுத்ததென்றும், பாழடைந்த ஆலயங்களைப் புதுப்பித்து, அவ்விடத்துத் தெய்வங்களையும் ஜனங்களையும் தத்தம் ஊருக்குத் திருப்பி அனுப்பியதாகவும், வெற்றி பெற்ற அரசன் ஒருவன் செய்யும் பிரகடனம் அது. தாராளமான பிரகடனந்தான். ஆயினும் அடிமைத்தனத்தை ஒழித்ததாக அதில் ஒரு வரியும் இல்லை. 1976-ல் பஞ்சாங்கத்தையே மாற்றி, ஸைரஸின் காலத்திலிருந்து ஆண்டு எண்ணும்படி ஷா உத்தரவிட்டார். மூன்று வருஷத்துக்குள் அதைக் கைவிட நேர்ந்தது. 1979-ல் சிம்மாசனமே போயிற்று.

நிற்க. விருந்து நடந்த அதே இடத்தில், 1933-ல், ஜெர்மானியப் பண்டிதர் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தலைமையில் தோண்டியவர்களுக்கு மதில்புறத்தில் ஆயிரக்கணக்கான களிமண் ஓடுகள் கிடைத்தன. டாரியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், கி.மு. 509 முதல் 493 வரை, பெரும்பாலும் எலாமிய பாஷையில் எழுதப்பட்டவை அவை. யுத்தவிஜயம் எதுவும் அவற்றில் இல்லை. இன்ன ஊர்க் களஞ்சியத்திலிருந்து, இன்ன அதிகாரியின் கட்டளைப்படி, இத்தனை ஆட்களுக்கு, இந்த மாதத்துக்கு இவ்வளவு வாற்கோதுமை, இவ்வளவு மது. கீழே முத்திரை. எகிப்தியர், பாபிலோனியர், யவனர், இந்தியர் முதலிய பல தேசத்தாரும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். பிரசவமான ஸ்திரீக்கு விசேஷப் படி உண்டு. ஆண் குழந்தை பெற்றவளுக்குப் பெண் குழந்தை பெற்றவளைப் போல் இருமடங்கு. பணிப்பெண் கூட்டங்களுக்குத் தலைவிகளாயிருந்த சில ஸ்திரீகள் சாமானிய ஆண் பணியாளனைவிட அதிகமான படி பெற்றிருக்கிறார்கள்.

இதைக் கொண்டு டாரியஸின் ராஜ்யத்தை ராமராஜ்யமென்று நாம் சொல்லத் துணியோம். அந்தப் பணியாட்கள் சுயேச்சையான கூலிக்காரரா, பிடித்துக் கொண்டுவரப்பட்டவரா என்பதில் வித்வான்கள் இன்னும் ஒருமைப்படவில்லை. சாமானியப் பணியாளனுக்கு மாதம் சுமார் 30 லிட்டர் தானியம். அந்த நிர்வாகத்தின் தலைவனான பர்னகனுக்கோ நாளொன்றுக்கு 2 ஆடுகளும் சுமார் 90 லிட்டர் மதுவும்! ஏற்றத்தாழ்வு அன்றும் வெட்கமில்லாமல் இருந்தது. ஆனால் அதுவும் முத்திரை வைத்த ஓட்டில் ஏறியிருக்கிறது. இன்னாருக்கு இவ்வளவு சேர வேண்டும் என்பதை அந்தச் சர்க்கார் ஒப்புக்கொண்டது. கொடுத்ததற்குச் சீட்டு எழுதிற்று. அந்த நாகரிகத்தில் நாம் மெச்சுவது இதையே.

இக்கால ஈரானின் சிவில் சட்டத்தை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதன் 1117-ஆம் ஷரத்து, குடும்ப நலனுக்கோ கௌரவத்துக்கோ பொருந்தாத தொழிலைச் செய்யாதபடி மனைவியைத் தடுக்கக் கணவனுக்கு அதிகாரம் அளித்தது. முல்லாக்கள் இயற்றிய சட்டம் இது என்று நினைப்பவர் ஏமாறுவர். 1930-களில், ரேஜா ஷாவின் முடியாட்சியில் எழுதப்பட்டது அது. முடி போய்த் தலைப்பாகை வந்த பிறகும் ஷரத்து தன் இடத்திலேயே இருந்தது.

கூலி விஷயம் இதனினும் கேவலம். பழைய எலாமியரின் தலைநகரும், டாரியஸ் அரண்மனை கட்டிய ஊருமான ஸூஸாவுக்குச் சமீபத்தில் ஹஃப்த் தப்பே என்ற சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோதுதான் அங்கே புதைந்திருந்த எலாமிய நகரமொன்று வெளிப்பட்டது. சர்க்கார் சொத்தாயிருந்த இந்த ஆலை 2015-ல் தனியாருக்கு விற்கப்பட்டது. மாதக்கணக்கில் கூலி நின்றது. 2018 நவம்பரில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வீதிக்கு வந்தார்கள். அவர்களுடைய பிரதிநிதியைச் சிறைப்பிடித்தார்கள். தம்மைச் சித்திரவதை செய்ததாக அவர் பகிரங்கமாக எழுதினார். 2019 செப்டம்பரில் புரட்சி நியாயஸ்தலம் அவருக்கு 14 வருஷச் சிறையும் 74 கசையடியும் விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்பது உண்மை. ஆனால் முதலில் அவ்விதம் எழுத ஒரு நீதிபதிக்குக் கை வந்ததல்லவா?

அந்தத் தீர்ப்புக்குச் சில வாரங்களுக்குள் தெஹ்ரானில் ஒரு மங்களகரமான வைபவம் நடந்தது. மேற்சொன்ன ஓடுகள் வாசிப்பதற்காக 1936-ல் சிக்காகோ சர்வகலாசாலைக்கு இரவலாகச் சென்றிருந்தன. 1997-ல் ஜெருசலேமில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் காயமுற்ற அமெரிக்கர், ஈரான்மீது பெற்ற டிக்ரியை நிறைவேற்ற இவ்வோடுகளை ஜப்தி செய்து ஏலம் விடக் கோரினர். வியாஜ்யம் பல வருஷம் நடந்தது. காயமுற்றவர்களிடம் நமக்கு இரக்கம் உண்டு. எனினும் 2018 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நியாயஸ்தலம் அக்கோரிக்கையைத் தள்ளியது சரியே என்பது நம் அபிப்பிராயம். அதன் பயனாக 2019-ல் 1,783 ஓடுகள் தாயகம் திரும்பின. ஈரான் அதிகாரிகள் அவற்றை எதிர்கொண்டு வரவேற்றார்கள். தேசியக் காட்சிசாலையில் வைத்து ஜனங்களுக்குக் காட்டினார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கூலிச் சீட்டு. கூலி கேட்டவனோ நீதிபதியின் முன்னால். ஹஃப்த் தப்பே ஆலையை விற்ற முறை சட்டவிரோதமென்று அந்த நாட்டு நியாயஸ்தலமே தீர்மானித்து விற்பனையை ரத்துச் செய்தது, அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2021-ல்.