கிழமைக்கு 2,100 டொலர் எண்டால்...

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் மத்தியானச் சனம் முடிந்து, பொரிக்கிற எண்ணெயை வடித்துக்கொண்டு நிற்கிறேன். அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கிற அக்காவின் மகள் தொலைபேசி எடுத்தாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடமாக நேர்ஸ்.

"மாமா, நான் ட்ரவல் நேர்ஸிங் போகப் போறன். ரெக்சாஸில 13 கிழமை. கிழமைக்கு 2,100 டொலர் தாறாங்களாம். இப்ப எனக்குக் கையில வாறது அதில அரைவாசிதான்."

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு ஓடி வந்தவன் நான். அந்த இரண்டு வருடத்தின் புண்ணியத்தில் எங்கள் குடும்பத்துக்கு இன்றைக்கும் நான்தான் கணக்காளர் :-) ஈருள்ளி வெட்டிக்கொண்டே ஆருக்காவது வட்டிக்கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"கடதாசியை அனுப்பு பிள்ளை, பாத்திட்டுச் சொல்லுறன்" என்றேன். இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது திறந்து பார்த்தேன். பார்த்தவுடன் எனக்கு என்னுடைய பழைய சம்பளம்தான் நினைவுக்கு வந்தது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு ஒரு கடையில் ஒன்பது வருடம் நின்றேன். கிழமைக்கு 600 டொலர். அதில் 320 செக்கில், 280 கையில். முதலாளி அதை எனக்குச் செய்கிற உதவியாகத்தான் சொன்னார். "உனக்குத்தானடா வரி மிச்சம்." நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன், அதையும் மறைக்கவில்லை. 2012இல் நாரி பிடித்துக் கட்டிலில் விழுந்தபோதுதான் கணக்குத் தெரிந்தது. சுகவீனக் காசு அரசாங்கம் அப்போது தந்தது 55 வீதம், 15 கிழமைக்கு. எதன் 55 வீதம்? செக்கில் இருந்த 320இன் 55 வீதம். 176 டொலர். அந்த 280ஐப்பற்றி அரசாங்கத்துக்குத் தெரியாது. முதலாளிக்கும் அப்போது தெரியாமல் போய்விட்டது. அந்த 15 கிழமையும் வீட்டு வாடகையை மனைவியின் துப்புரவு வேலைக் காசில்தான் கட்டினோம். நாளைக்கு என் பென்சனும் அந்த 320ஐத்தான் நினைவில் வைத்திருக்கும்.

இப்போது மருமகளின் கடதாசி. 2,100 என்று பெரிய எழுத்தில் கிடக்கிறது. கீழே சின்ன எழுத்தில் அதைப் பிரித்திருக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு 24 டொலர், 36 மணித்தியாலம், ஆக 864. மிச்சம் 1,236உம் தங்குபடியும் சாப்பாட்டுப்படியும். அவர்கள் அதை ஸ்டைபென்ட் என்கிறார்கள். அதற்கு வரி இல்லை. இது என்னுடைய 280 மாதிரிக் களவு வேலை அல்ல, சட்டப்படி கொடுக்கிறதுதான். அமெரிக்க அரசாங்கம் தன் உத்தியோகத்தர் வெளியூர் போனால் கொடுக்கிற படிக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. தனியாகப் பெயர் குறிப்பிடாத ஊர்களுக்கு 2025 நிதியாண்டில் தங்க 110, சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் 68. ஏழு நாளால் பெருக்கினால் 1,246. ஏஜென்சிக்காரர் அந்தக் கோட்டுக்குப் பத்து டொலர் கீழே வந்து நிற்கிறார். கெட்டிக்காரர்.

ஆனால் சம்பளம் எவ்வளவு என்று ஆரும் கேட்டால் பதில் 864. அவளுக்கு இப்போது ஒஹாயோவில் மணித்தியாலத்துக்கு 40. அதாவது 24க்கு இறங்கியிருக்கிறாள்! ஒரு மேலதிக ஷிப்ட் செய்தால் தெரியும். 36க்கு மேலே இன்னொரு 12 மணித்தியாலம். அதில் 40 வரும்வரைக்கும் சாதா ரேற், மிச்ச எட்டுக்கும் ஒன்றரை மடங்கு. சொந்த ஆஸ்பத்திரியில் என்றால் 640 டொலர். ரெக்சாஸில் 384. கிழமைக்கு 2,100 எடுக்கிற பிள்ளை ஓவர்ரைம் நிற்கும்போது வீட்டில் எடுத்ததை விடக் குறைவாக எடுக்கும். ஏஜென்சிக்காரர் தொலைபேசியில் இதைச் சொல்லவில்லை.

இந்த விசயம் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. 2021இல், கலிபோர்னியாவையும் சேர்த்து மேற்குப் பக்கத்து மாநிலங்களுக்குரிய ஒன்பதாவது மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏஎம்என் என்ற நிறுவனத்தின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலை செய்யாத ஷிப்டுக்கு அந்தப் படியை வெட்டுகிறீர்கள், வெளியூருக்கே போகாத உள்ளூர் நேர்ஸ்மாருக்கும் அதே படியைக் கொடுக்கிறீர்கள். அப்படியென்றால் அது செலவுக்குக் கொடுக்கிற காசு அல்ல, சம்பளம். ஓவர்ரைம் கணக்கில் அதையும் சேர்க்கவேண்டும் என்று. படியின் வேசத்தைக் கலைத்த தீர்ப்பு. ஆனால் ரெக்சாஸ் அந்த நீதிமன்றத்துக்குக் கீழே இல்லை.

சரி, ஷிப்ட் வெட்டுகிற கதைக்கு வருவோம். நோயாளிகள் குறைந்தால் ஆஸ்பத்திரி "இண்டைக்கு வரவேண்டாம்" என்று சொல்லலாம். இவளின் கடதாசியில் 36 மணித்தியாலம் உறுதி என்று ஒரு இடத்திலும் இல்லை. ஒரு ஷிப்ட் போனால் 288 சம்பளமும் படியில் மூன்றில் ஒரு பங்கு 412உம் போகும். ஒரு நாளில் 700 டொலர். அங்கே எடுத்த அறையின் வாடகை மட்டும் குறையாது.

அவளுக்கு இன்னொரு கடதாசியும் வந்திருந்தது, ரெனசியிலிருந்து. கிழமைக்கு 1,950. அதைப் பார்க்காமலே ஒதுக்கி வைத்திருந்தாள். மணித்தியாலத்துக்கு 36, படி 654, 36 மணித்தியாலம் உறுதி என்று எழுத்தில். மேலதிக ஷிப்ட் செய்தால் 576.

இரண்டையும் வைத்துப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் எடுத்த எடுப்பில் ரெக்சாஸ்தான் முன்னுக்கு. 150 கூட, வரியும் குறைய. எல்லாம் சேர்த்துக் கிழமைக்கு ஒரு 250 டொலர் வித்தியாசம் வரும். 13 கிழமையில் ஐந்து ஷிப்டை வெட்டினால் அந்த வித்தியாசம் முடிந்துவிடும். 39 ஷிப்டில் ஐந்து. வெட்டமாட்டார்கள் என்று ஆர் சொன்னது? கொரோனாக் காலத்தில் கிழமைக்கு ஐயாயிரத்துக்கு மேலே கொடுத்தார்கள். 2022இல் தேவை குறைந்தவுடன் ஓடிக்கொண்டிருந்த ஒப்பந்தத்தின் நடுவிலேயே பலருக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். வழக்குகளும் போட்டார்கள். அறையை எடுத்து, பெட்டியைப் பிரித்து வைத்த பிறகு "குறைச்சுத்தான் தருவம், இல்லாட்டிப் போ" என்றால் எங்கே போகிறது?

அதனால் நான் ரெனசி என்றேன். வேலையில்லாக் காசு, பென்சன், நாளைக்கு வீடு வாங்க வங்கியில் கடன் கேட்டால் காட்டுகிற வருமானம், எல்லாம் அந்த வரி கட்டுகிற பக்கத்தைப் பிடித்துத்தான் நிற்கின்றன. சுகவீனம் ஷிப்டைப் பார்த்து வருவதில்லை.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று அவள் போகிற போக்கில் சொன்னதில் இருந்தது. "என்ர அப்பார்ட்மென்டை விட்டிட்டு சாமான்களை அம்மா வீட்டு பேஸ்மென்டில போட்டிட்டுப் போறன், வாடகை மிச்சம்." நல்ல பிள்ளை, சிக்கனம். ஆனால் படிக்கு வரி இல்லை என்கிற சலுகையே, சொந்த ஊரில் ஒரு வீட்டுச் செலவு இருக்க, வெளியூரிலும் இன்னொரு செலவு வருகிறது என்பதற்காகத்தான். சொந்த ஊரில் செலவே இல்லை என்றால் வரித் திணைக்களம் உன்னை நாடோடி என்று எழுதலாம். அதற்குப் பிறகு அந்தப் படி முழுக்க வருமானம். ரெக்சாஸ் என்றால் 13 கிழமைக்குப் பதினாறாயிரத்துச் சொச்சம். அந்த வரிக் கடிதம் ஏஜென்சிக்குப் போகாது, அவளுக்குத்தான் வரும். ஒரே இடத்தில் ஒரு வருடத்துக்கு மேலே நிற்கப் போகிறாய் என்றாலும் சலுகை இல்லை. ஐம்பது மைல் தள்ளிப் போனால் போதும் என்று நேர்ஸ்மாருக்குள் ஒரு கதை இருக்கிறதாம். வரிச் சட்டத்தில் அப்படி ஒரு ஐம்பது மைல் இல்லை.

ரெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்று ஏஜென்சிக்காரர் ஒரு இனிப்பும் கொடுத்திருக்கிறார். இவள் ஒஹாயோவில் வசிக்கிறவள், ஒஹாயோ தன் பங்கைக் கேட்கும். ரெனசியிலும் அதே கதைதான்.

காப்புறுதி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, இரண்டு ஒப்பந்தத்துக்கு நடுவில் அது நிற்குமா, எத்தனை நாள் அறிவித்தலில் நிற்பாட்டலாம், வேறு வார்டுக்கு அனுப்பலாமா... இவற்றை எழுத்தில் கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். ரெக்சாஸ்காரர் "பின்னேரம் ஐந்து மணிக்கிடையில சொல்லாட்டி வேற ஆளுக்குப் போயிடும்" என்றாராம். எங்களை ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரரும் கொழும்பில் வைத்து இதைத்தான் சொன்னவர், நினைவிருக்கிறதா?

ஐந்து மணி போய்விட்டது. அடுத்த நாள் அதே வேலை அதே விலைக்குத் திரும்பவும் வந்ததாம்.

அப்பார்ட்மென்டை விடுவதென்றால் அம்மாவுக்கு நியாயமான வாடகை கொடு, வங்கியால் கொடு, அம்மாவும் அதைத் தன் வரிக் கணக்கில் காட்டட்டும் என்றும் சொல்லியிருந்தேன். அன்றிரவே அக்கா எடுத்தா. "பெத்த பிள்ளையிட்ட வாடகை வாங்கச் சொல்லிறியோடா? ஊர் என்னைக் காறித் துப்பாதோ?" அரை மணித்தியாலம் ஏச்சு. நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டா:

"எவ்வளவு வாங்கவேணுமாம்?"