புதியதன் மயக்கமும் பழையதன் தானமும்

கணினியின் வரைவியல் அட்டைகளை, பேச்சு வழக்கிலே 'கிராபிக்ஸ் கார்ட்' எனப்படுவனவற்றை, ஒப்பிடுவோர் இன்று கையாளும் அளவுகோல் பெரும்பாலும் ஒன்றே. ஒரு விநாடிக்கு எத்தனை சட்டகங்களைத் திரையில் வரைகிறது என்பதே அது. நீண்ட பட்டையைப் பெற்ற அட்டை சிறந்தது. குறுகிய பட்டையைப் பெற்றது கழிக்கத்தக்கது. கொழும்புக் கடைகளில் பிறக்கும் இத்தீர்ப்பு மலையேறி வலப்பனை வரை வந்து சேர்ந்துவிட்டது. இராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவன் கணினி வாங்கப் புறப்பட்டால், "புதியதை வாங்கு" என்பதே அவனுக்குக் கிடைக்கும் உபதேசம். அவன் படித்த பாடசாலைக்குக் கணினி வழங்க வருவோரோ "அங்கே பழையது போதும்" என்கின்றனர். முரண்பட்டவைபோலத் தோன்றினும், இவ்விரண்டும் ஒரே பிழையான அளவுகோலின் இரு முனைகளே.

புதிய அட்டைகளின் ஆற்றலை மறுப்பது பேதைமை. 2016 ஜூலையில் வெளிவந்த என்விடியாவின் ஜீ.ரி.எக்ஸ். 1060 அட்டை 120 வாற்று மின்சாரத்தை வேண்டியது. 2023 ஜூனில் வந்த ஆர்.ரி.எக்ஸ். 4060, 115 வாற்றில் ஏறத்தாழ இரு மடங்கு வேலையைச் செய்கிறது. இது பொறியியலின் மெய்யான வெற்றி. ஆட்சேபத்துக்குரியது, இவ்வெற்றியின்மேல் எழுப்பப்படும் விளம்பரக் கோபுரமாகும்.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் விலையுள்ள ஆர்.ரி.எக்ஸ். 5070 அட்டை, 1,599 டொலருக்கு விற்கப்பட்ட 4090 இன் ஆற்றலைத் தரும் என்று மேடையிலே கூறினார். அக்கூற்று எதனைச் சார்ந்து நின்றது? திரையில் தோன்றும் நான்கு சட்டகங்களுள் ஒன்றையே புதிய அட்டை முறைப்படி வரைகிறது. ஏனைய மூன்றையும் செயற்கை நுண்ணறிவு ஊகித்து இடையிலே நிரப்புகிறது. கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தெரியலாம். ஆனால் ஊகிக்கப்பட்ட சட்டகம் விசைப்பலகையின் கட்டளையை அறியாது. பிளெண்டரில் ஓர் உருவத்தை வரைந்து முடிக்கும் நேரத்தை அது ஒரு விநாடிகூடக் குறைக்காது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்த பின்னரே கொழுந்தின் நிறை பதியப்படும் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. இங்கே விற்பவன் ஈரத்தையும் சேர்த்து நிறுக்கிறான், வேறுபாடு அவ்வளவுதான்.

அதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. ஒப்பீட்டுப் பட்டியல்கள் யாவும் மிகப் புதிய தாய்ப்பலகையும் மிக வேகமான செயலியும் பூட்டிய கணினியிலேயே தயாரிக்கப்படுகின்றன. வலப்பனை மாணவனின் மேசையில் இருப்பது அத்தகைய கணினியன்று. அலுவலகமொன்றிலிருந்து கழிக்கப்பட்டுக் கைமாறி வந்த பெட்டி. 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் றேடியொன் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. என்ற அட்டையை 199 டொலருக்கு அறிவித்தது. வழக்கமான அட்டைகள் தாய்ப்பலகையுடன் பதினாறு அல்லது எட்டுப் பாதைகளால் தொடர்புகொள்ள, இதற்கு நான்கே வைக்கப்பட்டன. நான்காந் தலைமுறைச் செருகுவாயில் அந்த நான்கும் ஒருவாறு போதும். மூன்றாந் தலைமுறையிலே ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி. அட்டையின் நினைவகமோ 4 கிகாபைற்று மாத்திரமே. அது நிரம்பியதும் தரவு அந்தக் குறுகிய வழியாலேயே வந்து போக வேண்டும். விளைவு, பழைய தாய்ப்பலகையில் பூட்டிச் சோதித்தபோது பல விளையாட்டுகளில் 2017 ஆம் ஆண்டின் ஆர்.எக்ஸ். 580 க்கும் பின்னால் இப்புதிய அட்டை நின்றது. ஏழையின் விலையில் விற்கப்பட்ட அட்டை பணக்காரனின் தாய்ப்பலகைக்கே பொருந்தியது!

மின்வழங்கியின் கதையும் இதுவே. 4060 க்குத் தனியான மின்கம்பி வேண்டும். கழிக்கப்பட்ட அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. 75 வாற்றுடன் அமையும் 2016 இன் ஜீ.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. செருகுவாய் தரும் மின்சாரத்திலேயே இயங்கவல்லது.

இனி வேலையைக் கருதுக. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாதிரியொன்றையோ மொழி மாதிரியொன்றையோ தன் கணினியில் இயக்க விரும்பும் மாணவனுக்கு முதலிற் குறுக்கே நிற்பது வேகமன்று, நினைவகம். 2021 பெப்ரவரியில் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3060, 12 கிகாபைற்றைக் கொண்டிருந்தது. அதன் பின்வந்த 4060 க்கு வாய்த்தது எட்டே. முன்னதில் அடங்கும் மாதிரி பின்னதில் அடங்காது போகலாம். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தின் பைதன் பயிற்சிகளுக்கோ எந்த வரைவியல் அட்டையும் தேவையில்லை. இதனைச் சொல்லும் கடைக்காரர் அரிது.

இத்தேர்வு விளையாட்டன்று. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. டொலர் அப்போது ஏறத்தாழ 300 ரூபா. 299 டொலர் அட்டை, வரியும் இலாபமும் சேராமலே, 66 நாட்களின் முழுப் பேர்! அரைப் பேர் விழுந்த நாட்கள் இக்கணக்கில் இல்லை. அந்தப் பணம் ஊகச் சட்டகங்களுக்குப் போகலாகாது.

ஆயின், பழையதே போதும் என்று தானம் செய்வோரின் வாதம் வென்றுவிட்டதா? இல்லை. அட்டையின் முதுமை அதன் வேகத்தால் வருவதன்று. அதனை ஆக்கியவர் இயக்கி மென்பொருளைக் கைவிடும் நாளில் வருவது. 1060 உள்ளிட்ட பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியாவின் வழமையான இயக்கி வெளியீடு 2025 ஒக்டோபருடன் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். 2025 ஓகஸ்டில் வெளிவந்த கியுடா 13 அத்தலைமுறையை முற்றாக நீக்கியது. அட்டையில் ஒரு துகளும் தேயவில்லை. ஆக்கியவரின் அறிவிப்பே அதனைக் கிழமாக்கிற்று. இதற்கு மாறான வழியும் உண்டு. 2012 ஆம் ஆண்டுத் தலைமுறை றேடியொன் அட்டைகளுக்கு விண்டோசில் ஏ.எம்.டி. 2021 ஜூனில் ஆதரவை நிறுத்தியது. லினக்ஸிலோ இயக்கியின் மூலநிரல் திறந்திருப்பதால் வேறு நிரலாளர்கள் அவற்றை அதன் பின்னரும் செப்பனிட்டு வந்துள்ளனர்.

ஆகவே தோட்டப் பாடசாலைக்குப் பழைய கணினிகளை இறக்கிவிட்டுப் படம் பிடித்துக்கொள்வோரிடம் கேட்க வேண்டியது, எத்தனை பெட்டிகள் என்பதன்று. அட்டையின் பெயர் என்ன, நினைவகம் எவ்வளவு, ஆதரவு முடியும் திகதி எது என்பனவே. இம்மூன்றையும் எழுதி ஒட்டாத பெட்டியைத் திருப்பியனுப்பும் உரிமை அதிபருக்கு வேண்டும். தமக்கு உதவாததென ஒருவர் கழித்ததைச் சுமந்து அகற்றும் செலவு பாடசாலையின் தலையில் விழலாகாது. ஜீ.ரி.எக்ஸ். 1060 பூட்டிய பெட்டியானால், அதில் எழுதப்பட வேண்டிய திகதி 2028 ஒக்டோபர்.