முந்திரிகைத் தோட்டத்து மூன்று பெண்மக்கள்

‘முதுசொம்’ என்பது நம் முன்னோர் வழங்கிய அருமையான சொல். பாட்டன் பூட்டன் வழியாக வந்து கைசேரும் சொத்தையே அது குறிக்கும். பெண்மக்களுக்குக் கொடுத்து அனுப்புவது சீதனம். கணவனும் மனைவியும் கூடி வாழ்ந்து ஈட்டியது தேடியதேட்டம். இம்மூன்றையும் பிரித்துணர்ந்து முறைசெய்த வழக்கமே தேசவழமை. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆட்சியினர் அதனைச் சட்டமாக ஏற்று வெளியிட்டனர். காணி என்பது வெறும் மண்ணன்று, தலைமுறைகளைப் பிணைக்கும் கயிறு என்பதை நம்மவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வாரம் அந்தக் கயிற்றின் மற்றொரு முனையைக் காண வாசகர்களை இத்தாலி தேசத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கே நாம் பார்க்கப்போவது ஒரு குடும்பத்தின் முந்திரிகைத் தோட்டத்தையும், அதில் விளையும் செந்நிற வைனையும் ஆகும். தாய்மார் புருவத்தை நெரிக்க வேண்டாம். மதுவுக்குப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. குடியால் கெட்ட குடும்பங்களை நம் ஊர்களில் யாவரும் அறிவர். ஒரு பண்டத்தின் பின்னால் நிற்கும் குடும்ப வரலாறே நமக்கு வேண்டுவது.

இத்தாலியின் நடுப்பாகத்தில் தொஸ்கானா என்னும் மாநிலம் உண்டு. அதன் தலைநகர் புளோரன்ஸ். 1385ஆம் ஆண்டில் ஜியோவன்னி தி பியேரோ அந்தினோரி என்பவர் அந்நகரத்து வைன் வணிகர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். அன்று தொடங்கிய தொழில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்குடும்பத்தவர் கையிலேயே இருக்கிறது. இருபத்தாறு தலைமுறைகள் கடந்துவிட்டன என்று அவர்கள் கணக்கிடுகின்றனர். யாழ்ப்பாண அரசர் நல்லூரிலிருந்து ஆண்ட காலத்தில் நட்ட கொடியின் வழியை இன்றும் ஒரே குடும்பம் பேணுகிறது என்றால் வியப்பன்றோ!

இக்குடும்பத்தாருக்குக் கியாந்திக் குன்றுகளின் சரிவிலே தின்யனெல்லோ என்றொரு தோட்டம் உண்டு. வெண்ணிறக் கற்கள் நிறைந்த வறண்ட மண் அது. அங்கே ‘சாஞ்சொவேசே’ என்னும் கறுப்பு முந்திரிகை முக்கிய பயிராகும். பழங்களை நசுக்கித் தோலோடும் விதையோடும் ஊறவிடுகின்றனர். பழத்தின் சர்க்கரையை நுண்ணிய நொதி உயிர்கள் உண்டு மதுசாரமாக மாற்றுகின்றன. சாற்றுக்கு நிறம் கொடுப்பது தோல். நாவற்பழத்தையோ கடுஞ்சாயத் தேநீரையோ சுவைத்தபின் நாவில் நிற்கும் துவர்ப்பைப் போன்றதொரு துவர்ப்பையும் அத்தோலும் விதையுமே கொடுக்கின்றன. நிறமும் துவர்ப்பும் மதுசாரமும் நிறைந்து, நாவில் கனத்து நிற்கும் வைனையே ‘உடல் நிறைந்தது’ என்று மேனாட்டார் சொல்வர். தண்ணீருக்கும் ஆடையெடாத பாலுக்கும் நாவிலே உள்ள வேறுபாட்டை எண்ணினால் அதன் பொருள் விளங்கும். பின்னர் ஓக் மரத்துச் சிறு பீப்பாக்களில் ஓராண்டுக்கு மேல் அது கிடந்து பதம்பெறும்.

நம் நாட்டு முந்திரிகைக்கும் அதற்கும் ஒரு வேற்றுமையை மாணவர் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டிலே கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கொரு முறையே காய்க்கும். யாழ்ப்பாணத்துப் பந்தல்களிலோ கொடிக்கு உறக்கமில்லை. கவ்வாத்துப் பண்ணி நாலு மாத அளவில் பழம் பறிக்கலாம். ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட போகமும் எடுக்கலாம். தோலகட்டி ஆச்சிரமத்தின் நெல்லிரசத்தையும் முந்திரிகை இரசத்தையும் அறியாத வடபகுதி வீடு இராது. ஆகவே முந்திரிகை நமக்கு அந்நியமானதன்று. அந்நியமாகத் தோன்றுவது, ஒரு தோட்டத்தைத் துண்டாடாமல் அறுநூறு ஆண்டு வைத்திருக்கும் வித்தையேயாம்.

அந்த வித்தை இலேசில் வாய்க்கவில்லை. 1966ஆம் ஆண்டில் பியேரோ அந்தினோரி என்பவர் தந்தையிடமிருந்து பொறுப்பை ஏற்றார். கியாந்தி வைனிலே வெள்ளை முந்திரிகையும் ஒரு பங்கு கலந்தாக வேண்டும் என்பது அக்காலத்துச் சட்டம். அதனாலே சரக்கின் தரம் குறைந்ததைக் கண்ட அவர், தாக்கிஸ் என்னும் வைன் நிபுணரின் துணையுடன் வேறுவழி தேடினார். 1971ஆம் ஆண்டு விளைச்சலைக் கியாந்தி என்ற பெரும்பெயரைத் துறந்து, ‘சாப்பாட்டு மேசை வைன்’ என்ற தாழ்ந்த வகுப்பிலே, தோட்டத்தின் பெயரையே சூட்டி விற்றார். பெயர் தாழ்ந்தது, சரக்கு உயர்ந்தது. காலப்போக்கிலே சட்டமே அவர் வழிக்கு வந்தது. கியாந்தியில் வெள்ளைப் பழம் கலக்கும் கட்டாயம் பின்னர் நீங்கிற்று.

அடுத்த சோதனை வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்து வந்தது. 1980களிலே உடன்பிறந்தோர் தம் பங்கை விற்க முற்பட, விட்பிரெட் என்னும் ஆங்கில நிறுவனம் பங்காளியாக உள்ளே வந்தது. பல நூற்றாண்டு முதுசொம் அந்நியர் கைக்குப் போகும் நிலை. பியேரோ பெருமுயற்சி செய்து 1990களின் தொடக்கத்தில் அப்பங்கை மீட்டுக்கொண்டார்.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. அல்பியேரா, அலெக்ரா, அலெஸ்ஸியா என மூன்று பெண்மக்கள். தந்தையிடமிருந்து மகனுக்கென்று வந்த வரிசை அத்துடன் முடிந்தது என்று ஊரார் பேசியிருக்கக்கூடும். ஆனால் மூவரும் தோட்டத்துக்குள் இறங்கினர், தொழில் கற்றனர், பொறுப்பேற்றனர். இன்று நிறுவனத்தின் தலைவராக இருப்பவர் மூத்தவர் அல்பியேரா. 2012ஆம் ஆண்டில் தந்தை மற்றொரு காரியமும் செய்தார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு ஒரு நம்பிக்கைப் பொறுப்பை ஏற்படுத்தி, குடும்பச் சொத்தை அதற்குள் வைத்தார். பேரப்பிள்ளைகள் பிணங்கினாலும் தோட்டம் பிளவுபடாதிருக்க அது காவல்.

அந்தினோரியார் பிரபு குடும்பத்தவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொஸ்கானாக் குன்றுகளிலே நிலம் பிரபுக்களுடையது, வியர்வை வாரக்குடிகளுடையது. விளைவில் பாதியை நிலச்சொந்தக்காரருக்கு அளக்கும் ‘மெட்சாத்ரியா’ என்னும் வாரமுறை அங்கே பல நூற்றாண்டு நிலவியது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார உடன்படிக்கைகளைத் தடுத்தது. அக்காலத்தை ஒட்டியே குடியானவர்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளை நாடிப் பெயர்ந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கொடியை வளர்த்த அவர்களுடைய பெயர் எந்தப் போத்தலிலும் இல்லை. உழைத்த நிலம் தன்னுடையது என்று சொல்ல ஒரு பத்திரம் இல்லாதவன் எவ்வளவு நாள் உழைத்தாலும் வழிப்போக்கனே.

இப்பொழுது நம் வன்னிக்கு வருவோம். இரணைமடுக் குளத்து நீர் வாய்க்கால் வழியோடிச் சேரும் உருத்திரபுரத்தை எண்ணிப் பாருங்கள். காடழித்து, கரடியும் யானையும் காய்ச்சலும் ஒருங்கே வருத்திய நாளிலே குடியேறி, நெல்லும் தென்னையும் கண்ட பெற்றோரின் ஊர் அது. வாய்க்காலின் எண்ணே அங்கே குறிச்சியின் பெயராயிற்று. ‘தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்பர். வைத்தவன் உண்ணாததை உண்ணப் பின்னொருவர் வேண்டுமல்லவா? அப்பின்னொருவர் யார் என்பதே கேள்வி.

குடியேற்றக் காணிகளுக்குத் தேசவழமை செல்லாது. அவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு அமைந்தவை. குறித்த அளவுக்குக் கீழே துண்டாட அச்சட்டம் இடங்கொடாது. உரிமையாளர் தமக்குப் பின்னுரித்தாளரை நியமிக்கலாம். நியமியாது இறந்தால் உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ வாழ்நாள் அனுபவ உரிமை மட்டுமே உண்டு. அதன்பின் சட்டத்திலுள்ள அட்டவணைப்படியே காணி செல்லும். அந்த அட்டவணையிலோ மகன் முன்னே, மகள் பின்னே என்ற வரிசை எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. சீதனமாகப் பெண்ணுக்கு நிலங்கொடுத்த சமுதாயத்தின் மேல், பெண்ணைப் பின்னே நிறுத்திய சட்டம் வந்து விழுந்த விந்தை இது! 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆண் பெண் வேற்றுமையை நீக்கியது. நல்ல காரியம், ஆயினும் மூத்தோருக்கு முதலிடம் என்ற விதி நிற்கிறது.

போர் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கிவிட்டது. 1996ஆம் ஆண்டிலும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் கிளிநொச்சி மாவட்டத்து மக்கள் வீடுவாசல் விட்டு அகன்றனர். பலர் கணவனை இழந்தனர். பலர் பிள்ளைகளை இழந்தனர். பத்திரங்களை இழந்தோரும் உண்டு. மீண்டு வந்து பற்றை வெட்டி வயலைத் திருத்தியோரில் பெண்கள் மிகப் பலர். மூத்தவன் கடல்கடந்து வாழ, இளையவள் வரம்பு கட்டித் தாயையும் பார்த்து நிற்கும் வீடுகள் பல. பெற்றவர் ஒருவரையும் நியமியாது கண்மூடினால், மண்ணைக் காத்தவளை விட்டுக் காணி மூத்தவனை நாடிச் செல்லும். அண்ணன் நல்லவனாயின் தங்கை தப்புவாள். ஒருத்தியின் வாழ்வை அண்ணனின் நற்குணத்தில் மட்டும் தொங்கவிடுதல் முறையாகுமா?

ஆதலால் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். அனுமதிப்பத்திரமோ அளிப்புப்பத்திரமோ வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று தேடுங்கள். இல்லையாயின், பிள்ளைகளை இருத்திப் பேசி, கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்து, பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். உருத்திரபுரத்தாருக்கு அது கரைச்சிப் பிரதேச செயலகம். ஒருமுறை செய்த நியமனத்தைப் பின்னர் மாற்றவும் வழியுண்டு. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. நியமனம் எழுதுவது சாவை அழைப்பதாகும் என்று தயங்குவோரும் உளர். சாவு எழுத்தைப் பார்த்து வருவதன்று. சண்டையோ எழுத்தில்லாத இடம் பார்த்து வரும்.

இத்தாலியப் பிரபுவுக்கு மாளிகையும் வழக்கறிஞர் கூட்டமும் இருந்தன. நம் குடியானவனுக்கு இருப்பது சில ஏக்கர் வயலும் ஒரு துண்டு மேட்டுக்காணியும். ஆனால் தன் காலத்துக்குப் பின் அந்நிலத்தில் யார் நிற்பார் என்று உயிரோடிருக்கும்போதே முடிவு செய்யும் உரிமை இருவருக்கும் உண்டு. மாணவரே, இன்று மாலை உங்கள் வீட்டுப் பத்திரத்தை வாசித்துத் தாய்தந்தையர்க்கு விளக்கிச் சொல்லுங்கள். நீங்கள் கற்ற எழுத்து அக்குடும்பத்துக்குச் செய்யக்கூடிய தொண்டு அதனினும் பெரிது வேறில்லை.